மறுகா பார்ப்பமென்று இருக்க நேரமில்லை



மாரியில் வாவி பெருகினால் நம் ஊரில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "முகத்துவாரம் வெட்டியாச்சா?" கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டை வேளைக்கு வெட்டிவிட்டால் வெள்ளம் வடியும். பிந்தினால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்கள் மூழ்கும். வெட்டாமலே கிடந்தால் தண்ணீர் தானே உடைத்துக்கொண்டு போகும். எங்கே உடைப்பது என்று அது யாரிடமும் கேட்காது.

2020 ஆகஸ்ட் 5ஆம் திகதி மட்டக்களப்பில் அப்படித்தான் உடைந்தது. 2015இல் நம் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு 127,185 வாக்குப் போட்ட மாவட்டம், ஐந்தே வருடத்தில் 79,460 வாக்கோடு நம்மை நிறுத்தியது. மூன்று ஆசனம் இரண்டானது. தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் படகுச் சின்னத்துக்கு 67,692 வாக்கு விழுந்தது. அதன் தலைவர் மறியலில் இருந்தபடியே வென்றார். பக்கத்து அம்பாறையில் ஒரு தமிழ்ப் பிரதிநிதிகூடத் தெரிவாகவில்லை.

அப்போது நாம் என்ன செய்தோம்? ஏன் தோற்றோம் என்று உட்கார்ந்து பேசினோமா? தேசியப்பட்டியல் ஆசனம் யாருக்கு என்று இழுபட்டோம். நம்மில் சிலர், சனம் காசுக்கும் சாராயத்துக்கும் விலைபோய்விட்டது என்றார்கள். வேறு சிலர் அந்த 67,692 பேரையும் ஒரே வரியில் துரோகியாக்கினார்கள். அவர்கள் யார்? நம் வயலுக்கு அடுத்த வயல்காரர். நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர். "உரிமை உரிமை என்கிறீர்கள், எங்கட றோட்டு எப்ப வரும்?" என்று கேட்டு, "மறுகா பார்ப்பம்" என்ற ஒரே பதிலைக் கேட்டுக்கேட்டுக் களைத்துப்போனவர்.

அந்த 'மறுகா'தான் நம்மைத் தோற்கடித்தது.

அதோடு நம் மௌனமும் சேர்ந்துகொண்டது. 2015இல் கிழக்கு மாகாண சபையில் நமக்குப் பதினொரு உறுப்பினர், முஸ்லிம் காங்கிரசுக்கு ஏழு. முதலமைச்சர் பதவி அவர்களுக்குப் போனது. இரு சமூகமும் சேர்ந்து வாழ வேண்டிய மாகாணத்தில் அந்த முடிவுக்கு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை வெல்லாவெளியிலும் வாகரையிலும் போய்ச் சொன்னவர் எத்தனை பேர்? நாம் சொல்லாமல் விட்ட இடத்தில் மற்றவர்கள் பயத்தை விதைத்து அறுவடையும் செய்தார்கள். நல்லாட்சி அரசைத் தாங்கிப் பிடித்த காலத்தில் தீர்வு இந்த வருடம், அடுத்த வருடம் என்று தவணை சொன்னோம். தவணை தவறியபோது தலைவர்களில் யாரும் முன்னே வந்து "பிழைத்துவிட்டோம்" என்று சொல்லவில்லை.

"பழைய கதை எதற்கு, 2024இல் வென்றுவிட்டோமே?" என்று கேட்கிறீர்கள். உண்மைதான். நாடு முழுக்கத் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி அடித்தபோது அது முதலிடம் பிடிக்காத ஒரே மாவட்டம் நம்முடையது. பழையபடி மூன்று ஆசனம். வெடி கொளுத்தினோம். கணக்கை யாராவது பார்த்தோமா? 2024இல் நாம் எடுத்தது 96,975 வாக்கு. 2015இல் இதே மூன்று ஆசனத்துக்கு இருந்ததைவிட முப்பதினாயிரம் குறைவு. மூன்றில் ஒன்று மாவட்டத்தில் முந்திய கட்சிக்குக் கிடைக்கும் போனஸ். நேற்றுவரை இங்கே யாரும் எண்ணாத திசைகாட்டிக்கு 55,498. யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு 80,830, நமக்கு 63,327. ஆறு ஆசனத்தில் நமக்கு ஒன்றே ஒன்று. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் கொஞ்சம் மூச்சுவிட்டோம். சனம் நமக்குத் தந்திருப்பது தவணை, தோழர்களே. கடனை அவர்கள் தள்ளுபடி செய்யவில்லை.

தலைவர்மாரே, உங்களிடம் நான்கு காரியம் கேட்கிறோம்.

முதலாவது, பிழையைப் பெயர்சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொகுதியில் எத்தனை வாக்கு இழந்தோம், ஏன் இழந்தோம் என்று ஒவ்வொரு வட்டாரக் கிளையும் எழுதித் தரட்டும். அது பொதுச்சபையில் உரத்து வாசிக்கப்படட்டும். வாசிக்கும்போது தலைவர்கள் கீழே, கதிரைகளின் முன்வரிசையில் இருக்கட்டும்.

இரண்டாவது, கட்சிச் சண்டையைக் கட்சிக்குள் தீருங்கள். 2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் வாக்கெடுத்துத் தலைவரைத் தெரிவுசெய்தோம்: 184க்கு 137. தமிழ்க் கட்சிகளில் அரிதான ஜனநாயகக் காரியம் அது. மறுமாதமே விடயம் நீதிமன்றப் படி ஏறியது. அந்த வருடம் முழுக்கச் சனம் பத்திரிகையில் படித்தது நம் வழக்கைத்தான். நம் கொள்கையை அல்ல. தோற்றவர் வென்றவருக்குத் தோள்கொடுக்க வேண்டும், வென்றவர் தோற்றவரை அணைத்துக்கொள்ள வேண்டும். இது தெரியாத வீட்டுக்கு ஊர் எப்படிப் பெண் கொடுக்கும்?

மூன்றாவது, படுவான்கரைக்கு வாருங்கள். பாலம் இல்லாத காலத்தில் மண்முனைத் துறையில் தலைவரும் விவசாயியும் ஒரே பாதையில் (மிதவைப் படகில்), ஒரே பலகையில் நின்றுதான் அக்கரை போனார்கள். சனத்தின் கதை காதில் விழுந்தே தீரும். 2014இல் பாலம் வந்தது, நல்லது. இப்போது வாகனக் கண்ணாடியை இறக்காமலே கொக்கட்டிச்சோலைக்குப் போய் மாலையோடு திரும்பிவிடலாம். இறக்குங்கள். குருமண்வெளியில் பாதை ஏறி மண்டூருக்குப் போங்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டி வீதியோரத்தில் குந்தினார்கள். மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்காக அங்கேயே கிடந்தார்கள். அவர்களிடம் போனோம், படம் எடுத்தோம். எத்தனை இரவு தங்கினோம்? யானை அடித்த குடிசைக்கும், நுண்கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டுக்கும், மீன்பாடு குறைந்து வலையைச் சுருட்டிவைத்த தோணிக்காரனுக்கும் ஒரே கேள்விதான்: நீங்கள் எங்களோடு இருக்கிறீர்களா?

நான்காவது, இடம் விடுங்கள். 2024இல் பாராளுமன்றம் போன நம் எட்டுப் பேரில் ஒரு பெண்கூட இல்லை. கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவள் அவள், வீடு வீடாக ஏறி இறங்குபவள் அவள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக வீதியில் நின்றவளும் அவள்தான். பட்டியல் போடும்போது மட்டும் அவளை ஏன் மறக்கிறோம்?

தோல்வி இந்தக் கட்சிக்குப் புதிதில்லை. 1949இல் கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வாவே 1952இல் காங்கேசன்துறையில் தோற்றார். கட்சிக்கு மொத்தமாக இரண்டே ஆசனம். நான்கு வருடம் கழித்து, 1956இல், பத்து. மட்டக்களப்பும் அந்தப் பத்தில் வந்தது. கல்முனையிலும் பொத்துவிலிலும் முஸ்லிம் வேட்பாளர்கள் நம் கட்சியில் நின்று வென்றார்கள். இரண்டிலிருந்து பத்துக்குப் போன கட்சி, எட்டை வைத்துக்கொண்டு கையைப் பிசையலாமா?

அடுத்த களம் மாகாண சபை. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டம்பரில். அதன் காலம் 2017இல் முடிந்தது. அடுத்த தேர்தல் என்றைக்கு அறிவிக்கப்பட்டாலும், அறிவித்த பிறகு கிளையைத் தட்டியெழுப்பினால் நாம் பிந்திவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

வட்டாரத் தோழர்களே, தம்பி தங்கச்சிமாரே! தலைவர்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே உங்கள் கிளையைக் கூட்டுங்கள். 2020இல் நமக்கு வாக்குப் போடாத பத்து வீட்டுக்குப் போங்கள். துண்டுப்பிரசுரம் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். திண்ணையில் குந்தி, அவர்கள் ஏசி முடியும்வரை கேளுங்கள். கேட்டதை எழுதிக்கொண்டு தலைவரின் மேசையில் வையுங்கள். "மறுகா பார்ப்பம்" என்று அவர் சொன்னால், எழும்பாமல் அங்கேயே இருங்கள்.

வாவி ஏறிக்கொண்டிருக்கிறது. மண்வெட்டி நம் கையில் இருக்கும்போதே வெட்டுவோம்.