'தொடாதே' என்ற பலகை

பொருட்காட்சி சாலை என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுவன கண்ணாடிப் பெட்டியும், அதன் அருகே தொங்கும் 'தொடாதே' என்ற பலகையுமே. சிலைகளுக்கும் செப்பேடுகளுக்கும் அப்பலகை அவசியந்தான். ஆனால் விஞ்ஞானத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால், உள்ளே யந்திரம் இருக்குமேயன்றி விஞ்ஞானம் இராது. இதனை உணர்ந்தோர் அமைத்த புதுவகைச் சாலைகளில், 'தொடு, திருப்பு, மறுபடியும் செய்து பார்' என்பதே சட்டம். கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு அறநிலையத்தார் அமைத்துள்ள 'எக்ஸ்பெரிமெண்டா' இவ்வகையைச் சேர்ந்தது. நம் உடுமலைப்பேட்டையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

இத்தகைய சாலைகளில் என்னதான் கிடைக்கிறது? உலகெங்கும் இவற்றில் காணக்கூடிய ஓர் எளிய கருவியைச் சொல்வோம். சுழலும் மேடையொன்றில் சிறுவன் ஏறிக் கைகளை அகல நீட்டியபடி சுற்றுகிறான். கைகளை மார்போடு சேர்த்ததும் வேகம் திடீரென்று கூடுகிறது. நீட்டினால் தணிகிறது. தள்ளியவர் எவருமில்லை, பின் அவ்வேகம் எங்கிருந்து வந்தது? பளு அச்சுக்கு அருகில் வரவரச் சுழற்சி விரையும் என்பது பாடப் புத்தகத்தில் ஒரு வாக்கியம். பரீட்சைக்காக அதை நெட்டுருப் போட்டவன் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவான். மேடையில் சுற்றி இறங்கியவனுக்கோ அது தன் உடம்பே அறிந்த செய்தி.

இன்னொன்று, மேல்நோக்கி வீசும் காற்றில் அந்தரத்தில் மிதக்கும் பந்து. காற்றுக் குழாயைச் சற்றுச் சாய்த்தாலும் பந்து விழுவதில்லை. காற்று பந்தைத் தழுவி வளைந்து செல்கிறது. காற்றைப் பந்து ஒருபுறம் திருப்ப, பந்தைக் காற்று மறுபுறம் தள்ளி நிறுத்துகிறது. உடுமலைக் குழந்தைகளுக்கு இது அந்நியமான வித்தையன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் பாய்ந்து வரும் காற்றில் எத்தனை காற்றாலைகள் நம் காடு தோட்டங்களில் சுழல்கின்றன! அவற்றின் இறக்கைகளும் காற்றை வளைத்துத் திருப்பியே சுழல்கின்றன. பந்தைக் கண்டு வந்த பிள்ளை, மறுநாள் காற்றாலையை வேறு கண்ணால் பார்க்கும்.

இந்த ஏற்பாட்டின் வரலாறும் கேட்கத் தக்கது. ஜெர்மனியில் ஆஸ்கர் வான் மில்லர் 1903-ல் நிறுவிய மியூனிக் நகரத்துக் காட்சிசாலையிலேயே மக்கள் தாமே இயக்கிப் பார்க்கும் யந்திரங்கள் வைக்கப்பட்டன. பின்னர் 1969-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 'எக்ஸ்புளோரடோரியம்' திறந்த பிராங்க் ஓப்பன்ஹைமர், அணுகுண்டு ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. அரசியல் காரணத்தால் 1949-ல் சர்வகலாசாலைப் பதவியை இழந்த அவர், கொலராடோ மலைநாட்டில் மாடு வளர்த்தார். பிறகு அங்கேயே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் உபாத்தியாயரானார். அந்த வகுப்பறை அநுபவமே பிற்காலத்தில் பெரிய சாலையாக வளர்ந்தது. தம் கருவிகளைச் செய்யும் முறைகளை அவர் மறைத்து வைக்கவில்லை; சமையற் குறிப்புப் போல அச்சிட்டு, யார் வேண்டுமானாலும் செய்து கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாயுடு அவர்களின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்த அவருக்குப் பள்ளிப் படிப்பு சொற்பம். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, கோவையில் ஹோட்டல் வேலை செய்து பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்த காரியம் அதைக் கழற்றிப் பார்த்ததுதான். கையே அவருக்கு ஆசிரியர். 'தொடாதே' என்று ஒருவர் தடுத்திருந்தால், கொங்கு நாட்டுத் தொழில் வரலாற்றில் ஓர் அத்தியாயம் குறைந்திருக்கும்.

இங்கே பெற்றோருக்கும் பள்ளிகளை நடத்துவோர்க்கும் இரண்டு வார்த்தை சொல்வது நம் கடமை. இருநூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, 'நட, நட' என்று விரட்டி, ஒரு மணி நேரத்தில் நூறு கருவிகளைக் காட்டி வருவது உல்லாசப் பயணமேயன்றிக் கல்வியாகாது. பத்துக் கருவிகள் போதும். ஆனால் ஒவ்வொன்றின் முன்னும் பிள்ளை விரும்பும் மட்டும் நிற்கட்டும். விடையை நாம் முந்திக்கொண்டு சொல்லாதிருப்பது நன்று. பள்ளிகளிலோ, தராசும் லென்ஸும் காந்தமும் உடைந்துவிடுமென்று அஞ்சிப் பீரோவில் பூட்டிக் கிடப்பதைப் பல இடங்களில் காண்கிறோம். உடைந்த லென்ஸுக்கு வேறு வாங்கலாம். கேட்காமலே அடங்கிப்போன கேள்விக்கு எந்தக் கடையிலும் மாற்றுக் கிடையாது.

கட்டணமும் பஸ் சத்தமும் கொடுத்து நகரம் செல்ல இயலாத குடும்பங்கள் பல. மலையடிவாரக் கிராமத்துப் பிள்ளைகளின் நிலைமை இன்னும் கஷ்டம். சாலை நம்மைத் தேடி வரலாகாதா என்றால், அதற்கும் வழி உண்டு. கல்கத்தாவில் 1959-ல் திறந்த பிர்லா தொழில் காட்சிசாலையார், 1965-லேயே கருவிகளை வண்டியில் ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 1920-ல் நாயுடு தம் முதல் பஸ்ஸைத் தாமே ஓட்டியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே. உடுமலை அந்தப் பாதையின் நடுவில்தான் இருக்கிறது. ஜனங்களை ஏற்றிச் சென்ற அதே பாதையில் விஞ்ஞானத்தை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி ஆண்டுக்கு இருமுறையேனும் வரட்டும். நகரத்துச் செல்வர்களும் ஊர்ப் பெரியவர்களும் மனம் வைத்தால் இது பெரிய காரியமன்று. அதுவரை, பள்ளிப் பீரோவின் சாவியையாவது பிள்ளைகள் கையில் கொடுப்போமாக!