மூடிய திரை சொல்லும் பாடம்

பிரிக்ஃபீல்ட்ஸில் மோனோரயில் ஏறி இம்பி நிலையத்தில் இறங்கினால் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர். மோனோரயில், பேரங்காடி இரண்டுமே 2003-இல் திறக்கப்பட்டவை. பள்ளி நாள்களில், தீபாவளி விடுமுறை என்றால் அங்கிருந்த ஜி.எஸ்.சி. திரையரங்குக்குக் குடும்பத்தோடு போவோம். அம்மா சுட்ட முறுக்கு கைப்பையில் ஒளிந்திருக்கும்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, திரைகள் இருண்டன. ஜூலையில் மீண்டும் திறந்தபோது இருக்கைகளுக்கு நடுவே இடைவெளி; வெளியிடப் பெரிய படங்களும் இல்லை. அதே ஆண்டு எம்.பி.ஓ. திரையரங்கு நிறுவனம் கலைப்பு நடவடிக்கைக்குச் சென்றது. 2021 தொடக்கத்தில் டைம்ஸ் ஸ்குவேர் கிளையும் நிரந்தரமாக மூடப்பட்டது.

"அதனாலென்ன, கைப்பேசியிலேயே பார்க்கலாமே?" என்கிறார்கள் நண்பர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தமிழகப் படங்களுக்குப் பல நாடுகளில் திரை உண்டு. நம் நாட்டுத் தமிழ்ப் படங்களுக்கு உள்ளூர்த் திரைதான் தலைவாசல். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் திரைக்கு வந்தது. மறு ஆண்டே மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அரங்குகள் குறையக் குறைய, இத்தகைய படங்களுக்குக் கிடைக்கும் காட்சிகளும் சுருங்கும்.

மூடிய அரங்கை நம்மால் திறக்க முடியாது. திறந்திருப்பதைக் காக்கலாம். அடுத்த உள்ளூர்த் தமிழ்ப் படத்தை முதல் வாரத்திலேயே பாருங்கள், மாணவர்களே. "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால், நாம் போகும்போது படம் ஓடிக்கொண்டிருக்காது.