கடைக்குள் போட ஒரு ஜோடி செருப்பு

விடியற்காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் முள் குத்துவது போல் வலி. பத்து அடி நடந்தால் குறையும், சாயங்காலம் மறுபடி வரும். வணிக அன்பர்கள் பலருக்கும் இதுதான் கதை. எனக்கு எட்டு மாதம் இருந்தது.

குதிகால் எலும்பிலிருந்து விரல் வரை பாதத்தின் அடியில் ஓடும் நார்ப்பட்டை நைந்துபோவதே காரணம். எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றதும் பயந்துவிட்டேன். வலியே இல்லாதவர்களுக்கும் அப்படி இருக்குமாம்.

லட்சுமி இருக்கும் இடமென்று செருப்பை வாசலில் விட்டு, சிமெண்டுத் தரையில் பன்னிரண்டு மணி நேரம் வெறுங்காலோடு நிற்கிறோம். கடைக்குள் மட்டும் போட மெத்தென்ற தனிச் செருப்பு வைத்துக்கொண்டால் லட்சுமி கோபிக்கமாட்டாள் என்பது என் கட்சி.

எழுந்ததும், இறங்குமுன், கால்விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள், பத்து முறை. மாதக்கணக்கில் விடக்கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் சுட்ட செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதிக்கவேண்டாம்; மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும்.

கடைப் பையன்களுக்கும் கால் உண்டு. ஊழியருக்கு இருக்கை தரவேண்டுமென்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே வந்துவிட்டது. ஸ்டூல் போட்டால் வியாபாரம் படுத்துவிடாது. என் கிடங்கில் நாலு போட்டிருக்கிறேன். எடை போடும் பையன்தான் முதல் வாரம் உட்காரக் கூச்சப்பட்டான்.