சமையலரை மாற்றிய உத்தரவும் ஏழு ஆண்டு வழக்கும்

அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு 2018 ஜூலையில் சத்துணவுச் சமையலராக வந்தவர் அதே ஊரைச் சேர்ந்த அருந்ததியர் பெண். வேறு பள்ளியில் இதே வேலையைப் பார்த்துவிட்டு மாறுதலில் சொந்த ஊருக்கு வந்தவர். அடுப்பைப் பற்றவைத்து, அரிசி களைந்து உலையில் போட்டு, முட்டைகளை எண்ணி அவித்து, மதிய மணி அடிப்பதற்குள் பாத்திரத்தை இறக்கிவைப்பதுதான் அந்த வேலை. அவர் கையால் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை முற்றுகையிட்டனர். பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்ப மறுத்து மாற்றுச் சான்றிதழ் கேட்டனர். வட்டார வளர்ச்சி அலுவலர் முற்றுகையிட்டவர்களைத் தட்டிக் கேட்கவில்லை. சமையலரை இடமாற்றம் செய்து உத்தரவு போட்டார்.

அந்த உத்தரவுதான் இதில் மிகப் பெரிய கேடு. ஊரில் சிலர் தீண்டாமை பார்ப்பது குற்றம். அதற்குப் பணிந்து அரசு அலுவலகமே பாதிக்கப்பட்டவரை ஊரைவிட்டு அனுப்புவது, குற்றத்துக்கு அரசு முத்திரை குத்திக் கொடுப்பது. இதைக் கண்டித்துப் போராட்டம் வெடித்த பிறகே உத்தரவு ரத்தானது. சேவூர் போலீசார் 87 பேர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்தனர்.

சட்டத்துக்கு இங்கே பஞ்சமில்லை. அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 16ஆவது பிரிவு அரசு வேலையில் சம வாய்ப்பை உறுதி செய்கிறது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் (பின்னர் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்) 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன. பள்ளி மதிய உணவுக்குச் சமையலர், உதவியாளர் நியமிக்கும்போது தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருக்கிறது. ஒரே பந்தியில் ஒருவர் சமைத்ததை எல்லாப் பிள்ளைகளும் உண்டு வளர்ந்தால் சாதி தளரும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் எல்லாச் சாதியினரும் ஓவர்லாக் மிஷினிலும் பவர் டேபிளிலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறார்கள். அதே மக்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சோற்றுக்குச் சாதி கேட்கப்பட்டது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தப்படி, குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இயன்றவரை 2 மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். அதற்குத் தேவையான நீதிமன்றங்களை அமைப்பது மாநில அரசின் கடமை. அவிநாசி வழக்கில் திருப்பூர் சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பு 2025 நவம்பரில் வந்தது. 6 பேருக்கு 2 ஆண்டு சிறை, விசாரணையை எதிர்கொண்ட மற்றவர்கள் விடுதலை. வழக்குப் பதிவாகி 7 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. 2018இல் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும். இத்தனை காலம் கோர்ட்டுக்கு அலைந்து சாட்சி சொல்வது, அன்றாடம் வேலைக்குப் போனால்தான் சோறு என்றிருப்பவருக்கு இன்னொரு தண்டனை.

கண்காணிக்க அமைப்புகளும் இருக்கின்றன. தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையம் 2021இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்டது. ஆணையம் ஆட்களை அழைத்து விசாரிக்கலாம். தண்டிக்க முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். ஊருக்குக் கிட்டத்தில் இருப்பது மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. கலெக்டர் தலைமையிலான இக்குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியான கடமையில் வேண்டுமென்றே தவறும் அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை என்கிறது அச்சட்டத்தின் 4ஆவது பிரிவு. மிரட்டலுக்குப் பணிந்து இடமாற்ற உத்தரவில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு அலுவலரிடமும் அந்தப் பிரிவின்படி விளக்கம் கேட்கப்பட வேண்டும்.

கண்காணிப்புக் குழு கூடிய தேதி, விசாரித்த புகார்கள், எடுத்த முடிவு ஆகியவை அவிநாசி தாலுகா அலுவலகத்திலும் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். சாதி காரணமாகச் சத்துணவுப் பணியாளரை மாற்றக் கோரும் மனு எதுவும் வந்தால், அது இடமாற்றக் கோப்புக்குப் போகாமல் நேராகக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதைச் செய்யப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

— ஒரு வாசகர், அவிநாசி