பொதுச் சுகாதாரம் கற்கும் பிள்ளைகளும் எமது தோட்டப் புறங்களும்



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகளும் வெளிவந்துவிட்டால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களின் தொகை கூடிவிடும். இம்முறை வந்தவற்றில் ஒன்று ஹாலிஎலையிலிருந்து ஒரு தாய் எழுதியது. மகளுக்கு மருத்துவ பீடம் கிடைக்கவில்லையாம். மிஹிந்தலையில் ரஜரட்டப் பல்கலைக்கழகத்தில் 'சுகாதார மேம்பாடு' என்ற பட்டப் படிப்புக் கிடைத்திருக்கிறது. "டாக்டரும் இல்லை, நேர்ஸும் இல்லை. இதைப் படித்து என்ன ஆகப் போகிறாள்? இவ்வளவு தூரம் அனுப்பத்தான் வேண்டுமா ஹஸ்ரத்?" என்று கேட்கிறார். இதே கேள்வியோடு இன்னும் பல பெற்றார் இருப்பார்கள் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

ஒரே லயத்திலிருந்து ஒரு வாரத்தில் ஐந்து பிள்ளைகள் வயிற்றோட்டத்தோடு பதுளை ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் ஐந்து பேருக்கும் மருந்து கொடுப்பார். அந்த லயத்தார் எந்தப் பீலியில் தண்ணீர் பிடிக்கிறார்கள், அந்தப் பீலிக்கு மேலே மலையில் யாருடைய கக்கூஸ் இருக்கிறது, மழை பெய்தால் எது எதற்குள் வடிகிறது என்று ஏறிப் போய்ப் பார்ப்பவர் வேறொருவர். அவர் போகாவிட்டால் அடுத்த வாரம் ஆறாவது பிள்ளையும் வரும். உங்கள் மகள் படிக்கப் போவது அந்த வேலைக்கான படிப்பு, சகோதரியே. அது டாக்டர் வேலையை விடக் குறைந்ததென்று யார் சொன்னது?

இப்படிப்பின் வரலாறே தோட்டத்தில்தான் தொடங்குகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1916இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை ஆரம்பித்தார்கள். கொக்கிப்புழு மலத்தோடு மண்ணில் விழுந்து, வெறுங்காலோடு நடப்பவரின் உள்ளங்கால் தோலைத் துளைத்து ஏறி, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். செருப்பில்லாமல் மலைக்குப் போன தொழிலாளர் கூட்டம் கூட்டமாக இரத்தசோகையால் வாடினார்கள். கசப்பு மருந்துகளைக் குடிக்கக் கொடுத்ததில் புழு விழுந்தது. ஆனால் கக்கூஸ் கட்டுவதற்குப் பல தோட்டத் துரைமார் பணம் செலவிட விரும்பவில்லை. மருந்து குடித்தவர் மறுபடியும் அதே மண்ணில் நடந்தார், புழுவும் மறுபடி ஏறியது. மருந்து மாத்திரம் போதாது, ஊரோடு இருந்து வேலை செய்யும் ஆட்கள் வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது இவ்வனுபவத்திற்குப் பின்னர்தான். அதன் விளைவாக 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. இன்று நாட்டின் மூலை முடுக்கெல்லாம் இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் அந்தக் களுத்துறை வித்திலிருந்து முளைத்தவை.

இதில் வேதனையான விடயம் ஒன்றுண்டு. தோட்டத்தில் கற்ற பாடத்தால் நாடு முழுவதும் பலன் பெற்றது. தோட்டத்திற்கோ அது கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்து கொடுப்பதற்கென 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் இருந்தது. அதன் வழியே அவர்களின் சுகாதாரம் துரையின் பொறுப்பாகவும் தோட்டத்து டிஸ்பென்சரியின் பொறுப்பாகவும் ஒதுக்கி வைக்கப்பட்டது. 1948இல் பிரஜாவுரிமையும் பறிபோன பின்னர் கேட்பாரில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்பே அரசாங்கச் சுகாதார சேவை மெல்ல மெல்ல லயங்களுக்குள் நுழைந்தது. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. எவ்வளவோ முன்னேற்றம் ஏற்பட்டிருக்கிறது, மறுப்பதற்கில்லை. என்றாலும் 2016ஆம் ஆண்டு குடிசன சுகாதார ஆய்வைப் பாருங்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் புறத்தில் மாத்திரம் 32 பேர். ஏறத்தாழ மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை!

இதற்குக் காரணம் கேட்டால் நம்மவர்கள் சட்டென்று "வறுமை" என்பார்கள். சரிதான். ஆனால் வறுமை ஒரு வீட்டுக்குள் எவ்விதம் வேலை செய்கிறது என்பதை அறிவதற்குத்தான் மாணவர்களைக் களப்பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். பசறைப் பக்கம் ஒரு லயத்துக்குப் போகும் மாணவி என்ன காண்பாள்? கர்ப்பிணித் தாய் கிளினிக்குக்கு வரவில்லை என்று பதிவேட்டில் இருக்கும். அலட்சியம் என்று எழுதிவிடலாம். அவளோடு உட்கார்ந்து பேசினால், கிளினிக் நாளில் மலைக்குப் பிந்திப் போனால் கொழுந்து நிறை குறையும், அரைப்பேர்தான் விழும், அரைப்பேர் விழுந்தால் கடைக் கணக்கு அடைபடாது என்பது தெரியவரும். அந்தக் கடை நமது சகோதரர் ஒருவரின் கடையாகவும் இருக்கலாம். கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அவள் ஒழுங்காகத்தான் போட்டிருப்பாள், தேத்தண்ணியோடு! தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணித்தியாலம் தள்ளித் தேநீர் குடிக்க வேண்டும், தேசிக்காய் அல்லது கொய்யாப்பழம் சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும் என்பதை அவளது மொழியில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும். (சோற்றுக் கோப்பையை எடுக்கும் முன்பே தேநீரை வைக்கும் நமது வீடுகளுக்கும் இது பொருந்தும்.)

"அவளது மொழியில்" என்றேனே, முழு விடயமும் அங்கேதான் நிற்கிறது. தோட்டங்களுக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தர்களில், நாம் மிட்வைப் என்று சொல்கிறோமே அவர்களில், தமிழ் பேசத் தெரிந்தவர் போதாது என்பது நெடுங்காலக் குறை. சிங்களச் சகோதரிகள் பலர் மழையிலும் பனியிலும் மலையேறி மனமுவந்து பணியாற்றுகிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். ஆனால் பிள்ளை தங்காமல் போன துக்கத்தை ஒரு தாய் சைகையால் சொல்ல முடியுமா? பதுளை, பண்டாரவளை, வெலிமடை, குருத்தலாவை என்று ஊவாவில் தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசும் பிள்ளைகள் எமது வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். கடையில் வியாபாரம் பேசப் பயன்படும் அந்த இருமொழி ஆற்றலுக்கு வேறு உபயோகமே இல்லையா?

கொஸ்லந்தை மீரியபெத்தையை மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை வேறிடம் மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிக்கை எழுதப்பட்டது, லயம் மாத்திரம் இருந்த இடத்திலேயே இருந்தது. தப்பியவர்கள் பாடசாலைகளிலும் தேயிலைத் தொழிற்சாலையொன்றிலும் தங்கவைக்கப்பட்டபோது, இத்தனை பேருக்கு எத்தனை கக்கூஸ், குடிநீர் எங்கிருந்து, கைக்குழந்தைக்காரிக்கு மறைவிடம் எங்கே என்று கணக்குப் பார்த்தது பொதுச் சுகாதாரத் துறைதான். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் போதும் எமது மாவட்டம் அதே கணக்கை மறுபடி பார்த்தது.

எமது சமூகத்திற்கு இத்துறையின் பெறுமதியை உணர்த்திய இன்னொரு சம்பவத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தவர்களின் ஜனாஸாக்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. அடக்கினால் நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் கூறினார்கள். அடக்கம் செய்யலாம் என்றே உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் இருந்தது. நாம் துஆ கேட்டோம், அழுதோம், வெள்ளைத் துணி கட்டினோம். ஆயினும் நிலத்தடி நீர் பற்றிய வாதத்திற்கு அதே துறையின் மொழியில் பதில் சொன்னவர்கள் யார்? இந்நாட்டின் சமுதாய மருத்துவ நிபுணர்களின் சங்கம் ஆதாரங்களைப் பரிசீலித்து, அடக்கத்தைத் தடுப்பதற்கு விஞ்ஞானக் காரணம் இல்லை என்று எழுதியது. அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். 2021 பெப்ரவரி இறுதியில் தடை நீங்கியது, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் ஆரம்பமாயிற்று, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்த மேசையில் எமது பிள்ளைகளும் இன்னும் அதிகமாக அமர்ந்திருக்க வேண்டாமா?

அம்வாஸ் கொள்ளைநோயின் போது ஷாம் எல்லையிலிருந்து கலீஃபா உமர் (ரழி) திரும்பிய வரலாற்றை மிம்பரில் அடிக்கடி சொல்கிறோம். திரும்புமுன் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் குறைஷி முதியோரையும் தனித்தனியே அழைத்து அவர் விசாரித்தார் என்ற பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறோம். விசாரித்துவிட்டுத் தீர்மானிப்பதைத்தான் இம்மாணவர்களுக்கும் பல்கலைக்கழகம் கற்பிக்கிறது.

ஏற்கனவே இத்துறையில் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குச் சில விடயங்கள். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. டெங்கு, டைபஸ், ஈரல் அழற்சி, எலிக்காய்ச்சல் என மாவட்ட வாரியாக எண்ணிக்கை இருக்கும், இலவசம். பதுளை வரிசையை மாத்திரம் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். ஓராண்டில் மழைக்கும் நோய்க்கும் உள்ள உறவு உங்கள் கையெழுத்திலேயே தெரியும். ஜூன் மாதம் தேசிய போசாக்கு மாதம், ஓகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம், மார்ச் 24 காசநோய் தினம். இந்நாட்களில் கொழும்புக் கருத்தரங்குக்குப் போய்க் கோப்பு வாங்கி வருவதை விட, உங்கள் ஊர்ச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் "தோட்டத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்குத் தமிழில் பேச ஆள் வேண்டுமா?" என்று கேளுங்கள். மேற்சொன்ன நிபுணர் சங்கம் வருடந்தோறும் நடத்தும் கல்வி மாநாட்டை இறுதியாண்டு மாணவர்கள் தவறவிட வேண்டாம். எமது ஊருக்கும் நற்செய்தி உண்டு. 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் இப்போது மருத்துவ பீடமும் அமைந்துவிட்டது. அம்மாணவர்களின் களப்பயிற்சி இதே மலைகளில் நடக்க வேண்டும் என்பது அடியேனின் ஆசை.

பட்டப் படிப்புக் கிடைக்காத பிள்ளைகளுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சி பதினெட்டு மாதம். ஒரு வருடம் தாதியர் கல்லூரியில், ஆறு மாதம் களத்தில். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பயிற்சியைக் களுத்துறை தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனத்திலும் பிராந்திய நிலையங்களிலும் பெறலாம். விண்ணப்ப அறிவித்தல்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் தமிழிலும் வரும். ஜும்ஆ முடிந்து வரும்போது நூலகத்தில் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஹாலிஎலைச் சகோதரிக்கு: மகளை அனுப்புங்கள். விடுதி, உணவு, தொழுகை வசதி பற்றி ஏற்கனவே அங்கு கற்கும் எமது மாணவிகள் இருவரிடம் விசாரித்து எழுதச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்ததும், இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் தருகிறேன். முதல் வருடம் படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் தடுமாறுவாள். இப்போதிருந்தே ஒரு மணித்தியாலம் ஆங்கிலம் வாசிக்கச் சொல்லுங்கள்.