மனந்தளராத செபம்



செஞ்சிக்கு வருவோர் முதலில் ராஜகிரியை அண்ணாந்து பார்க்கின்றனர். ஔரங்கசீப்பின் படைத்தலைவர் சுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இம்மலையடியில் முற்றுகையிட்டுக் கிடந்ததைக் கேட்டு வியக்கின்றனர்.

செபத்தைப் பற்றி நம்மில் பலர் கொண்டுள்ள எண்ணமும் இத்தகைய முற்றுகையே. இறைவன் மதிலுக்குள் இருக்கிறார். நாம் வெளியே நின்று நேர்ச்சைகளாலும் நவநாள்களாலும் மோதினால் என்றாவது கதவு திறக்கும் என எண்ணுகிறோம். திறவாவிடில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். ஒன்பது செவ்வாய்க் கிழமைகள் என்று தொடங்கி ஏழாவதோடு நின்றுபோன அந்தோனியார் நவநாள்கள் எத்தனை என்பதைப் பங்குத்தந்தையர் நன்கு அறிவர்!

லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன கைம்பெண் உவமையும் முற்றுகைக் கதைபோலத் தோன்றலாம். ஆயினும் இறைவன் அந்த நேர்மையற்ற நடுவனைப் போன்றவர் அல்லர் என்பதே அங்குள்ள போதனை. உவமையை முடிக்கையில், மானிட மகன் வரும்போது மண்ணுலகில் விசுவாசத்தைக் காண்பாரோ என்று ஆண்டவர் நம்மை நோக்கியே வினவுகிறார்.

நம் செஞ்சி நாட்டில் தம் மறைப்பணியைத் தொடங்கிய புனித அருளானந்தரின் அன்னையும் ஒரு கைம்பெண்ணே. லிஸ்பன் நகரைச் சேர்ந்த பியாத்ரிஸ் பெரேரா அம்மையாரின் கணவர் பிரேசில் நாட்டில் ஆளுநராய் இருக்கையில் இறந்தார். 1647இல் பிறந்த இளைய மகன் சிறுவயதில் கொடிய நோயுற்றபோது, புனித சவேரியாரை மன்றாடி நேர்ந்துகொண்டார் தாய். பிள்ளை பிழைத்தான், நேர்ச்சையின்படி ஓராண்டு சேசு சபையாரின் அங்கி அணிந்தான். அந்த அங்கியே பின்னர் அவனைத் தாயிடமிருந்து பிரித்தது. மகன் இந்தியா செல்லப்போவதை அறிந்த அன்னை, போப்பாண்டவரின் தூதுவர் வரை சென்று தடுக்க முயன்றார். இயலவில்லை. 1673இல் கப்பல் புறப்பட்டது. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூர் மணல்மேட்டில் மகனின் தலை துண்டிக்கப்பட்டது.

உயிர்ப்பிச்சை கேட்டுப் பெற்ற பிள்ளை! அந்தத் தாயின் செபம் கேட்கப்பட்டதா, இல்லையா?

அச்செய்தி லிஸ்பனை எட்டியபோது, அம்மையார் துக்க உடை தவிர்த்துத் திருவிழா உடை உடுத்தி அரசவைக்கு வந்தார் என்று புனிதரின் வரலாறு கூறுகிறது. மகனைப் போகவிடாது தடுக்க ஓடிய அதே தாய்! இடையே இருபது ஆண்டுகள். அந்த உடைக்குரிய மனம் ஒரே நாளில் வந்திருக்க முடியாது என்பது நம் துணிபு. கெத்செமனித் தோட்டத்தில் ஆண்டவரும் ஒரே மன்றாட்டை மும்முறை சொன்னார். கிண்ணம் அகலவில்லை, ஆனால் எழுந்து நடக்கும் திடன் வந்தது.

"பன்னிரண்டு வருசமா வீட்டுக்காரர் குடியை விடணும்னு வேண்டுறேன், சாமி. இன்னும் எத்தனை நாள்?" என்று ஒரு சகோதரி நம்மிடம் கேட்டார். நாள்கணக்கு நம்மிடம் இல்லை. மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். அடி விழுந்தால் பொறுத்திருக்க வேண்டாம், உறவினரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லுங்கள் என்றோம். செபம் இவற்றிற்கு மாற்று அன்று. ஆனால் இத்தனை ஆண்டுகளாய் அந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் தவறாமல் கிடைத்தது எப்படி என்றும் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை.

ராஜகிரிக்கே மீண்டும் வருவோம். மலைமேல் சுனையையும் கீழே பெருங்களஞ்சியத்தையும் இன்றும் காணலாம். உள்ளே நீரின்றி வெறும் மதில் எட்டு ஆண்டுகள் தாங்கியிராது. உண்மையில் முற்றுகைக்குள் இருப்பவர்கள் நாமே. கடனும் நோயும் கவலையும் வெளியே கூடாரமிட்டுள்ளன. செபம் நம் உள்ளிருக்கும் சுனை.

ஆகவே, நின்றுபோன குடும்பச் செபத்தை ஐம்பத்து மூன்று மணியோடு ஆர்ப்பாட்டமாய்த் தொடங்க வேண்டாம். மூன்றாம் நாளே பிள்ளைகள் உறங்கிவிடுவர். இரவு உணவுக்கு முன், தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் சற்றே ஓய்வெடுக்கவிட்டு, பத்து மணி மட்டும் சொல்லுங்கள். யாருக்காக என்பதைப் பெயர் சொல்லி வேண்டுங்கள். மறுநாள் அதே பெயரைச் சொல்லுங்கள்.