அச்சத்தால் ஆகுமா?

அபராதத்திற்கு அஞ்சி அணிந்த முகக்கவசம், காவலர் தலை மறைந்ததும் தாடைக்கு இறங்கிவிடும். கொரோனாக் காலத்தில் பலரும் கண்ட காட்சி இது. மக்களை அச்சுறுத்தி நோயைத் தடுக்க இயலாது என்பதே என் கருத்து.

1897ஆம் ஆண்டு புனே நகரில் பிளேக் பரவியபோது, நோயாளிகளைத் தேட ஆங்கில அரசு படைவீரர்களை அனுப்பியது. அவர்கள் அடுக்களை, பூசையறை என்றும் பாராது வீடுகளுக்குள் புகுந்தனர். நோயாளிகளைத் தனிமைப்படுத்துவது தேவைதான். நடத்திய முறைதான் தவறு. அஞ்சிய மக்கள் நோயுற்றோரை ஒளித்துவைத்தனர். ஒளித்த வீட்டில் நோய் ஒருவரோடு நின்றுவிடுமா, மாணவர்களே?

அதே ஆண்டில் சாவித்திரிபாய் புலேயும் மருத்துவரான அவர்தம் மகனும் நகருக்கு வெளியே பிளேக் மருத்துவமனை நடத்தினர். நோயுற்ற சிறுவன் ஒருவனைச் சாவித்திரிபாய் தாமே சுமந்து வந்தார். நோய் தொற்றி மார்ச் 10ஆம் நாள் உயிர்நீத்தார். அங்கும் நோயாளிகள் ஊரைவிட்டு விலக்கியே வைக்கப்பட்டனர். ஆயினும், அவர்களை அழைத்துவரப் படைவீரர் தேவைப்படவில்லை.